மூன்று மா நிலமும் ஒரு பட்டமும்

தஞ்சைச் சீமையில் வருஷந்தோறும் கோடை முடிவில் இரண்டு வெள்ளங்கள் வருகின்றன. ஒன்று மேட்டூரிலிருந்து வருவது. ஜூன் மாதம் 12-ஆம் தேதி அணை திறப்பார்களா மாட்டார்களா, திறந்தால் கல்லணைக்கு எத்தனை நாளில் வந்து சேரும், கடைமடைக்கு எப்பொழுது எட்டும் என்று ஊரெல்லாம் அதே பேச்சாயிருக்கும். மற்றொன்று பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியான மறுநாளே வருவது. அது கலாசாலை விளம்பர வெள்ளம். இந்த வெள்ளத்துக்கு மதகு கிடையாது, முறைப்பாசனம் கிடையாது, கடைமடை என்ற பேச்சே கிடையாது. பஸ்ஸின் முதுகிலும், வீட்டுத் திண்ணையிலும், கையிலுள்ள செல்போனிலும் சமமாகப் பாய்ந்து நிரம்பிவிடும்.

முதல் வெள்ளம் வந்தால் நிலம் விளையும். இரண்டாவது வெள்ளத்தில் நிலமே போய்விடுவதும் உண்டு.

அப்படிப் போகவிருந்த மூன்று மா நிலத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

திருவையாற்றுப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயி. எனக்குப் பல வருஷப் பழக்கம். சொந்த நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். ஒரு மகன், ஒரு மகள். மகனைச் சிறு வயதிலிருந்தே டவுனில் உள்ள தனியார் பள்ளிக்கு வேனில் அனுப்பிப் படிக்க வைத்தார். மகள் உள்ளூர் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஏன் இந்த வித்தியாசம் என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்கே தோன்றியதில்லை. மகன் சென்ற வருஷம் பிளஸ் டூ தேறி, ஒரு வருஷம் வைத்தியப் படிப்பு நுழைவுப் பரீட்சைக்குப் பயிற்சி பெற்றான். அது பலிக்கவில்லை. மகள் இந்த வருஷம் தேறினாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் வழவழப்பான ஒரு வர்ணப் புத்தகம்.

"வாத்தியாரய்யா, பையனுக்கு இன்ஜினீயரிங் காலேஜ் பார்த்தாகிவிட்டது. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருகிறேன் என்கிறார்கள். விடுதியோடு சேர்த்து வருஷத்துக்கு இரண்டரை லட்சம். நாலு வருஷத்துக்குப் பத்து லட்சம். மூன்று மாவைக் கொடுத்துவிட்டால் சரிக்கட்டிவிடலாம்" என்றார்.

"குழந்தைக்கு?" என்று கேட்டேன்.

"அதற்குத்தான் ஐயாவிடம் வந்தேன். இப்பொழுதெல்லாம் செல்போனிலேயே டிகிரி படிக்கலாமாமே? செலவும் குறைச்சல். வீட்டோடு இருந்தாற்போலவும் ஆயிற்று. அதில் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். மீதி மூன்று மா அவளுடைய கல்யாணத்துக்கு வேண்டும்."

அந்தப் பெண் தூணருகில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாதானமாயிருந்திருக்கும். அதுகூட இல்லை.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "ஒரு வாரம் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அவசரப்பட்டுப் பதில் சொல்லி ஒரு தரம் ஒரு பிள்ளையின் மூன்று வருஷங்களைப் பாழாக்கியவன் நான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

* * *

மலிவான கல்வி என்றால் மட்டமான கல்வி என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. காவேரிக் கரையில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணம் வரவே நியாயமில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறு போட்டதோடு, பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் சேர்த்துத் தந்தார்கள். கும்பகோணத்தில் 1854-ஆம் வருஷத்தில் தோன்றிய சர்க்கார் பள்ளிதான் பிறகு கலாசாலையாக வளர்ந்து, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் எடுத்தது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரையில் தமிழ் கற்பித்த இடம் அது. இன்றும் அது சர்க்கார் கலாசாலைதான். இன்றும் அங்கே பெருந்தொகை கொடுத்து இடம் வாங்க வேண்டியதில்லை.

கும்பகோணத்தைச் சொல்லிவிட்டு ராமானுஜனைச் சொல்லாமல் விட முடியுமா? அவருடைய கதையில் நமக்கு வேண்டிய பாடம் இரண்டு பக்கமும் இருக்கிறது. 1903-ஆம் வருஷத்தில், பதினாறு வயது நிரம்பாத அந்தப் பிள்ளையின் கையில் கார் என்பவர் எழுதிய ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தது. இரவல் புத்தகம். ஆயிரக் கணக்கான சூத்திரங்கள்; விளக்கம் சொற்பம். கற்பிக்க ஆசிரியர் இல்லை. தாமாகவே ஒவ்வொன்றையும் நிரூபித்துக்கொண்டு போனார். கல்விக்கு முக்கியம் கட்டிடமல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆனால் மறு பக்கத்தையும் பாருங்கள். 1904-இல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் கலாசாலையில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறியதால் அந்தச் சம்பளத்தை இழந்தார், பட்டம் பெறவில்லை. உலகம் போற்றப்போகிற அந்த மூளை, 1912-இல் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தது. 1913-இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் சென்னைச் சர்வகலாசாலை மாதம் எழுபத்தைந்து ரூபாய் கொடுத்தது. ஆகவே, அறிவு வேறு, அதற்கு ஊரார் ஒப்புக்கொள்ளும் சீட்டு வேறு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். எல்லாரும் ஹார்டிக்குக் கடிதம் எழுத முடியாது.

வீட்டிலிருந்தே படித்துப் பட்டம் பெறுவதும் புதிதன்று. லண்டன் சர்வகலாசாலை 1858-ஆம் வருஷத்திலேயே, எங்கே படித்தவராயிருந்தாலும் பரீட்சையில் தேறினால் பட்டம் என்று கதவைத் திறந்துவிட்டது. இலங்கைத் தமிழர்களில் பலர் அந்த வழியாகவே பட்டதாரிகளானார்கள். யாழ் நூல் எழுதிய சுவாமி விபுலாநந்தர் 1920-இல் லண்டன் பி.எஸ்ஸி. பெற்றதும் இம்மாதிரியே. நம் தேசத்தில் 1962-இல் டில்லிச் சர்வகலாசாலை தபால் வழிப் படிப்பைத் தொடங்கிற்று. 1971-இல் மதுரையும், 1979-இல் நமக்கு அடுத்த வீடான அண்ணாமலைச் சர்வகலாசாலையும் தொடங்கின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் பார்லிமெண்டுச் சட்டத்தால் பிறந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல். இந்த இரண்டிலும் சாதாரண இளங்கலைப் படிப்புக்கு ஆகும் வருஷச் செலவு ஆயிரங்களில்தான், லட்சங்களில் அல்ல. பின்னதில் தமிழிலேயே படிக்கலாம்.

அடியேனும் தபால் வழியில் எம்.ஏ. படித்தவன்தான். பள்ளிக்கூட வேலையோடு படித்தேன். பழுப்புக் காகிதத்தில் கட்டிய புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்தது. எட்டு மாதம் கட்டுப் பிரியாமல் பரண்மேல் இருந்தது. பரீட்சைத் தேதி வந்த பிறகுதான் கயிற்றை அறுத்தேன். இதை வெட்கத்துடன்தான் சொல்லுகிறேன். ஆனால் இதிலும் ஒரு பாடம் இருப்பதால் சொல்லாமல் விடக் கூடாது.

* * *

இனி, இன்று இணையத்தின் வழியாக என்னென்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

தேசத்தின் ஐ.ஐ.டி.க்கள் ஏழும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-இல் என்.பி.டி.இ.எல். என்ற முயற்சியைத் தொடங்கின. சிறந்த ஆசிரியர்களின் பாடங்களைப் படம்பிடித்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம் என்று வைத்தார்கள். 2017 ஜூலை 9-ஆம் தேதி மத்திய சர்க்கார் 'ஸ்வயம்' என்ற பெரிய தளத்தைத் தொடங்கிற்று. பொறியியல் மட்டுமல்ல, பொருளாதாரம், சரித்திரம், சட்டம், உபாத்தியாயர் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. பாடம் கேட்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பாடம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் கட்டி, நேரில் மையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். இணைய வசதி குறைந்த வீடுகளுக்காக 'ஸ்வயம் பிரபா' என்று தொலைக்காட்சியிலும் பாடங்களை ஒளிபரப்பினார்கள்.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. யு.ஜி.ஸி. 2021-இல் செய்த விதிப்படி, ஒரு பருவத்துக்குரிய மதிப்பலகுகளில் நூற்றுக்கு நாற்பது வரையில் ஸ்வயம் பாடங்களைக் கொண்டு ஈடு செய்துகொள்ளக் கலாசாலைகள் அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் கலாசாலை அனுமதிக்கிறதா என்று சேரும்போதே கேட்க வேண்டும். பாடம் முடித்த பிறகு கேட்பது, அறுவடை முடிந்த பிறகு விதை ரகம் விசாரிப்பது போன்றது.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் ஒரு புதுமை செய்தது. தரவு அறிவியல் என்னும் துறையில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. இதற்கு அந்தப் பெயர் பெற்ற நுழைவுப் பரீட்சை அவசியமில்லை. விண்ணப்பித்தால் நான்கு வாரம் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்தப் பாடத்திலேயே பரீட்சை வைக்கிறார்கள்; தேறினால் இடம். இத்தனை பேருக்குத்தான் என்ற கணக்கில்லை. பாடம் வீட்டில், முக்கியமான பரீட்சைகள் மையத்தில், நேரில். இடையில் நின்றாலும் முடித்த அளவுக்கு அடிப்படைச் சான்றிதழோ, டிப்ளமோவோ உண்டு. தொடங்கிய காலத்தில் அடிப்படைப் பகுதியின் எட்டுப் பாடங்களுக்கு முப்பத்திரண்டாயிரம் ரூபாய். முழுப் பட்டம் என்றால் மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஜாதிச் சலுகைக்கு உரியவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் பாதி, முக்கால் என்று தள்ளுபடி இருக்கிறது. 2022-இல் யு.ஜி.ஸி. ஒரே காலத்தில் இரண்டு படிப்புகள் படிக்கலாம் என்று வழிகாட்டியதால், நேர்க் கலாசாலை ஒன்றில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் உற்சாகத்தில் யோசனை சொல்லிச் சூடு பட்டவன் அல்லவா? அந்தக் கதைக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தான். வேலை பார்த்துக்கொண்டே இணையத்தில் பட்டம், மாதத் தவணை, உடனே சேர்க்கை. எழுத்து அழகாக இருந்தது. கோபுரம் போன்ற ஒரு கட்டிடத்தின் படமும் இருந்தது. பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் அதை மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டு, "நல்லதுதான், சேர்ந்துகொள்" என்று சொல்லிவிட்டேன். அவன் மூன்று வருஷம் இரவில் கண் விழித்துப் படித்தான். பட்டமும் வந்தது. பிறகு ஒரு சர்க்கார் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கப் போனபோது, அந்தப் படிப்பை அம்முறையில் நடத்த அந்த ஸ்தாபனத்துக்கு அனுமதியே இல்லை என்று தெரிந்தது. அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஸார் என்ன செய்வார்? நான்தான் பார்த்திருக்க வேண்டும்" என்றான். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கிறது. பார்த்திருக்க வேண்டியவன் நானல்லவா?

ஆகையால் வாசகர்கள் ஆளுக்கொரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளும்படி நான்கு விஷயங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது: சேர்வதற்கு முன் யு.ஜி.ஸி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். சர்வகலாசாலையின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தப் பாடத்துக்கு, அந்த வருஷத்துக்கு, அந்த முறையில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதி இருந்தால், 2020-ஆம் வருஷத்து விதிகளின்படி இணையவழிப் பட்டமும் நேர்க் கலாசாலைப் பட்டமும் சமமே.

இரண்டாவது: வைத்தியம், நர்ஸு வேலை, மருந்தியல், பொறியியல், சட்டம், விவசாயம் போன்றவற்றில் தபால் பட்டமோ இணையப் பட்டமோ யு.ஜி.ஸி. அனுமதிப்பதில்லை. உளநூல், நுண்ணுயிரியல், உணவுச் சத்து முதலியவற்றையும் 2025-ஆம் வருஷத்துச் சேர்க்கை முதல் நிறுத்திவிட்டார்கள். இவற்றை வீட்டிலிருந்தே தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு நமஸ்காரம் செய்து அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது: தரகர் வேண்டாம். கடைத்தெருவில் பலகை மாட்டிக்கொண்டு பத்துச் சர்வகலாசாலைகளின் பெயரைச் சொல்பவரிடம் ரொக்கம் கொடுக்காதீர்கள். பணம் நேரே சர்வகலாசாலைக்குப் போக வேண்டும். ரசீது நேரே அங்கிருந்து வர வேண்டும்.

நான்காவது: பரீட்சை எங்கே, எப்பொழுது, எப்படி என்று கேளுங்கள். பரீட்சையைப் பற்றிப் பேசாமல் பட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிற இடத்தில் இரண்டுமே இராது.

* * *

இவ்வளவும் சரியாயிருந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கியிருக்கிறது. படிக்கிற பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை?

அமெரிக்காவில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இலவச இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர்தான் பாடத்தை முடித்தார்களாம். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு நாற்பத்தாறு பேர். என் பரண்மேல் இருந்த புத்தகக் கட்டு ஞாபகம் வருகிறதா? இலவசமாக வந்த தண்ணீர் வரப்பில்லாத வயலில் நிற்காது. அந்த ஆயிரம் ரூபாய்ப் பரீட்சைக் கட்டணமும் பரீட்சைத் தேதியும் ஒரு வரப்பு. வாரந்தோறும் கொடுக்கும் வீட்டுக் கணக்கு இன்னொரு வரப்பு. தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு இணையக் கல்வி மலிவல்ல. அதுதான் மிகவும் விலை உயர்ந்தது. காலத்தை அல்லவா விலையாகக் கொடுக்கிறோம்?

தவிர, செல்போன் கற்றுத்தராத பாடங்களும் உண்டு. ரசாயனச் சாலையில் திராவகம் பட்டுக் கை சுட்டுக்கொள்வது, வேறு ஊர்ப் பெண்ணோடு சோற்றைப் பங்கிட்டுக்கொள்வது, ஆசிரியரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்பது, தனியாகப் பஸ் ஏறுவது ஆகியவையும் படிப்பில் சேர்ந்தவையே. பதினேழு வயதுப் பெண்ணை வீட்டு மூலையில் ஒரு செல்போனுடன் உட்கார வைத்து, 'உனக்கும் படிப்புக் கொடுத்தாயிற்று' என்று சொன்னால், கணக்குப் புத்தகத்தில் அது சிக்கனமாகத் தெரியலாம். அவளுடைய மனப்புத்தகத்தில் அதற்கு வேறு பெயர்.

* * *

சொன்னபடி மறு ஞாயிறு அந்த விவசாயி வந்தார். இந்தத் தடவை மகனும் கூட வந்திருந்தான். நான் ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"உங்கள் வயலில் ஏக்கருக்கு எவ்வளவு நெல் காணும்?"

"நல்ல வருஷத்தில் இருபத்தைந்து குவிண்டால் காணும்."

"2025-26 பருவத்துக்குச் சர்க்கார் கொள்முதல் விலை, சாதாரண ரகம் குவிண்டாலுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. ஏக்கருக்கு அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. உங்களுக்கு இரண்டு ஏக்கர். குறுவை, தாளடி இரண்டு போகமும் குறைவில்லாமல் விளைந்தால், இரண்டரை லட்சம். பையனுடைய ஒரு வருஷச் செலவு எவ்வளவு?"

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "இரண்டரை லட்சம்" என்றார்.

"உழவு, நடவு, உரம், அறுப்பு எதுவும் கழிக்காமல் சொல்லும் கணக்கு இது. அதிலும் பாதி நிலத்தை விற்ற பிறகு இந்த வரும்படியும் பாதியாகிவிடும். போகட்டும், தம்பி! உனக்கு இன்ஜினீயரிங் படிக்க ஆசையா?"

பையன் தகப்பனாரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "எனக்கு பி.காம். படிக்கணும், ஸார். அப்பாகிட்டச் சொல்லலை" என்றான்.

ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இந்த வார்த்தை வெளியே வர ஒரு வாத்தியார் வீட்டுத் திண்ணை வேண்டியிருந்தது! பத்து லட்சம் ரூபாய் அந்த மௌனத்தின் விலை. எத்தனை வீடுகளில் எத்தனை நிலங்கள் இம்மாதிரி கேட்காத ஒரு கேள்விக்காக விற்கப்பட்டிருக்கின்றனவோ!

பிறகு பெண்ணின் கணக்கை எடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், தகப்பனார் எந்தக் குழந்தைக்குச் செலவே செய்யவில்லையோ, அந்தக் குழந்தைக்குத்தான் ராஜ்யத்தின் கதவுகள் அகலத் திறந்திருந்தன. சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு வைத்தியக் கல்வியில் 2020-இலும், பொறியியல், விவசாயம், சட்டம் முதலியவற்றில் 2021-இலும் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் சர்க்கார் ஏற்கும் என்று 2021-இல் அறிவித்தார்கள். சர்க்கார் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேலே படிக்கப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கிற்று. அந்தத் திட்டத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயர் வைத்திருக்கிறார்கள். மூவலூர் எங்கேயோ இல்லை. நம் மாயவரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பையன்களுக்கும் 2024-இல் அம்மாதிரி ஒரு திட்டம் வந்தது. ஆனால் இந்தப் பையன் தனியார் பள்ளியில் படித்தவன். அவனுக்கு அந்த வழி இல்லை.

"அம்மா, நீ என்ன படிக்க விரும்புகிறாய்?" என்று கேட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கே உறைத்தது.

"பி.எஸ்ஸி. கணக்கு, ஸார். தஞ்சாவூரிலே குந்தவை நாச்சியார் காலேஜிலே. அப்புறம், நீங்கள் அந்த ஐ.ஐ.டி. படிப்பைப் பற்றிச் சொன்னதாக அப்பா சொன்னார். அதையும் சேர்த்துப் படிக்க முடியுமா? பரீட்சைக்கு எந்த ஊருக்குப் போகணும்?"

பரீட்சை எங்கே என்று கேட்கிற பிள்ளை! என் நான்காவது விஷயத்தை நான் சொல்லாமலே அவள் கேட்டுவிட்டாள். இந்தப் பிள்ளைக்கு வரப்பு வெளியிலிருந்து போட வேண்டியதில்லை.

* * *

முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குக் குந்தவை நாச்சியார் சர்க்கார் கலாசாலையில் இடம் கிடைத்துவிட்டது. கல்விக் கட்டணம் கிடையாது; மற்றச் சில்லறைக் கட்டணங்கள் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அது வந்தால் புத்தகத்துக்கு ஆகும். முதல் பருவம் முடிந்து கால் ஊன்றிய பிறகு ஐ.ஐ.டி. படிப்பின் நான்கு வாரப் பரீட்சையை எழுதிப் பார்ப்பதென்று தீர்மானம். ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளில் ஏற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பையன் கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் பி.காம். சேர்ந்திருக்கிறான். நாள்தோறும் ரயிலில் போய் வருகிறான். இணையப் படிப்பை அவனுக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. ஒரு வருஷப் பயிற்சியைப் பாதியும் கவனிக்காமல் கழித்ததாக அவனே ஒப்புக்கொண்டான். அவனுக்கு மணியடிக்கும் இடம் வேண்டும். இரண்டாம் வருஷத்தில் கணக்கியல் பாடம் ஒன்றை ஸ்வயத்தில் எடுத்துப் பார்க்கட்டும். அதில் தேறினால் மேலே பேசலாம்.

தகப்பனாருக்குப் பூரண திருப்தி என்று நான் பொய் சொல்லமாட்டேன். 'என் பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான்' என்று ஊரில் சொல்லிக்கொள்ள முடியாத குறை அவருக்கு இருக்கத்தான் இருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்க என்னிடம் மருந்தில்லை. ஆனால் சென்ற வாரம் வயல் வரப்பில் அவரைப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. விற்கவிருந்த அந்த மூன்று மாவில் நாற்றங்கால் விட்டிருந்தார்.

"பொண்ணு நேற்று ராத்திரி இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டாள், வாத்தியாரய்யா" என்றார்.

"எந்தக் கணக்கு?"

"இந்த மூன்று மாவில் வருகிறதை வருஷா வருஷம் கொஞ்சம் எடுத்து வைத்தாலே இரண்டு பேரும் எம்.எஸ்ஸி., எம்.காம். வரைக்கும் படித்துவிடலாமாம். கல்யாணக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"நான் என்ன சொல்கிறது? கணக்குத்தான் சரியாயிருக்கிறதே!" என்று சொல்லிவிட்டு, மடையைத் திறக்கக் குனிந்தார்.